மதவாச்சியில் பிரியும் பாதை: மன்னார்க் கரைக்கு ஏன் போக வேண்டும்

வெள்ளவத்தையில் இரவுச் சாப்பாட்டு நேரம் கழிந்ததும் காலி வீதியோரத்தில் பயணப் பைகள் குவியத் தொடங்கும். யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படும். புத்தளம், அநுராதபுரம் தாண்டி நடுச்சாமத்தில் மதவாச்சிச் சந்திக்கு வரும்போது பஸ்ஸில் அநேகமாக எல்லோரும் உறக்கத்தில் இருப்பார்கள். அந்தச் சந்தியில் இடது பக்கமாக ஏ-14 வீதி பிரிகிறது. அதில் திரும்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மன்னார். பஸ் நேரே வவுனியாவுக்குப் போய்விடும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழரில் பாரிஸின் லாச்சப்பலுக்கும் கனடாவின் ஸ்காபரோவுக்கும் போய்வந்தவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். மன்னாரைப் பார்த்தவர்கள் குறைவு. மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்களிலும் பலர் மடுவோடு திரும்பிவிடுகிறார்கள், கடற்கரை வரை போவதில்லை. இது ஒரு பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். கொழும்புத் தமிழரின் மனதில் 'ஊர்' என்பது யாழ்ப்பாணம் என்றே படிந்துபோய்விட்டது. ஆனால் இத்தீவின் தமிழ் பேசும் மக்கள் எத்தனை வகையினர், எங்கெங்கிருந்து வந்தவர்கள், யாரோடெல்லாம் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்கள் என்பதை ஒரே கரையில் நின்று பார்க்க வேண்டுமென்றால் அதற்கு யாழ்ப்பாணம் போதாது. மாந்தையிலிருந்து அரிப்பு வரையும், மன்னார்த் தீவுக்குள் பேசாலை, தலைமன்னார் வரையும் நீளும் இந்தக் கரைதான் அதற்கு ஏற்ற இடம்.

அதிகம் அறியப்படாத கடற்கரைகளைத் தேடிப் போவது இன்று உலகெங்கும் பழக்கமாகிவிட்டது. இத்தாலியில் வெனிஸ் நகரம் நெரிசல் தாங்காமல் 2024 ஏப்ரல் முதல் பகற்பொழுதுக்கு மட்டும் வந்துபோவோரிடம், கூட்டம் மிகுந்த நாட்களில், 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடத் தொடங்கியது. அதே அட்ரியாட்டிக் கடலோரத்தில், தெற்கே, வெறும் 35 கிலோமீற்றர் கரையை மட்டும் கொண்ட மொலீசே என்ற மாநிலம் இருக்கிறது. அப்படி ஒரு மாநிலமே இல்லையென்று இத்தாலியரே கேலி பேசும் அளவுக்கு அது கண்ணில் படாத இடம். ஆட்கள் வராத இடம் என்பதே இப்போது அங்கே போவதற்கான காரணமாகச் சொல்லப்படுகிறது. மன்னாருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. வெள்ளவத்தை என்று ஓர் ஊர் உருவாகுமுன்பே உலகம் அறிந்திருந்த கரை இது. வெனிஸ்காரரான மார்க்கோ போலோ மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே சொல்லிவைத்திருக்கிறார். சுறா தீண்டாதபடி மந்திரம் ஓதுகிறவர்களுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுபட்டது என்பது வரை அவருடைய குறிப்பில் இருக்கிறது. உலகம் அறிந்த கரையை நாம்தான் மறந்திருக்கிறோம்.

பெருநிலத்தில், தீவுக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் இருக்கிறது மாந்தை, பழைய மாதோட்டம். பாளி நூல்கள் இதை மகாதித்த என்கின்றன. அநுராதபுரத்தின் கடல்வாசல் இதுவே. மேற்கே அரபுக் கடல், கிழக்கே சீனம் வரையான கப்பல் வணிகத்தில் சரக்கு கைமாறிய இடம். இன்று போய் நின்றால் முட்புதரும் மேடும், இரண்டு அகழிகளின் தடமும்தான் தெரியும். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் இங்கே அகழ்வு நடந்தது. சீனப் பீங்கானும் மேற்காசியக் கலங்களும் ஒரே மண்ணடுக்கில் வந்தன. போர் அந்த வேலையை நிறுத்தியது. 2009-2010இல் மீண்டும் தோண்டியபோது ஆய்வாளர்கள் மண்ணைக் கழுவிச் சலித்து, கருகிய தானியங்களையும் விதைகளையும் தேடினார்கள். நெல்லோடு மிளகு கிடைத்தது. கோதுமையும் திராட்சை விதையும் கிடைத்தன. கூடவே ஒரு கிராம்பு. பொ.ஆ. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது அது. அந்தக் காலத்தில் கிராம்பு விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும். கடலில் பல ஆயிரம் கிலோமீற்றர் கடந்து வந்த அந்த ஒற்றை மொட்டு, யாரோ ஒருவரின் கையிலிருந்து தவறி விழுந்து, ஆயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்திருக்கிறது.

அதே காலத்து மாதோட்டத்தில் தமிழ் வணிகர் இருந்ததற்குக் கல்வெட்டே சாட்சி. சோழர் ஆட்சியில் இந்த ஊருக்கு இராஜராஜபுரம் என்று பெயரிட்டார்கள். தாழிகுமரன் என்பவர் இங்கே இராஜராஜ ஈச்சரம் என்ற கோயிலைக் கட்டி, அதற்கு நிவந்தமும் விட்டார். அதைச் சொல்லும் கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாதோட்டத்தின் இன்னொரு சோழர் காலக் கல்வெட்டில் கோயில் விளக்குக்கான காசு யார் யாரிடம் முதலாக வைக்கப்பட்டது என்ற விவரம் வருகிறது: எண்ணெய் வணிகரான சங்கரபாடியார், வெற்றிலை வாணிகர், வாழைக்காய் வாணிகர். அரசர்களின் பட்டப்பெயர்களைவிட இந்த வாழைக்காய்க் கடைக்காரர்கள்தான் எனக்கு அந்தத் துறைமுகத்தைக் கண்முன் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு தெரு இருந்திருக்கும், வட்டிக் கணக்கு இருந்திருக்கும், கோயிலில் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

மாந்தை மேட்டிலேயே திருக்கேதீச்சரம் இருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். ஈழத்தில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே. மற்றது திருகோணமலையின் கோணேச்சரம். போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த கோயிலைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872இல் எழுதினார். 1893இல் நிலம் வாங்கப்பட்டது. 1948க்குப் பின் சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று நடத்திய திருப்பணிதான் கோயிலுக்கு உருவம் கொடுத்தது. 1976இல் குடமுழுக்கு நடந்தது. 1990இல் சண்டை மறுபடி எல்லாவற்றையும் கலைத்தது. அண்மைய கருங்கல் திருப்பணி முடிந்து 2022இல் மீண்டும் குடமுழுக்கு நடந்திருக்கிறது. நாவலரின் வேண்டுகோளிலிருந்து எண்ணினால் ஒன்றரை நூற்றாண்டு. பாலாவித் தீர்த்தக்கரைப் படியில் உட்கார்ந்தால், சிவராத்திரிக்கு ஆயிரக்கணக்கானோர் குடங்களோடு வரிசையில் நிற்கும் இடத்தில், மற்ற நாட்களில் நீர்க்காகங்கள் இறகு காயவைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

மன்னாரைச் சைவத் தலமாக மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதி மன்னாரைப் பார்ப்பதே. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் மன்னாரின் கடலோர மக்கள் பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஆண்டு யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் கட்டளைப்படி அவர்களில் ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் உள்ள வேதசாட்சிகளின் ஆலயம் அந்த நினைவைச் சுமக்கிறது. நல்லூரில் சங்கிலி என்ற பெயரில் சிலை வைத்திருக்கிறோம். அந்தப் பெயரை இன்னொரு தமிழ்ச் சமூகம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதைத் தோட்டவெளிக்குப் போகாமல் அறிய முடியாது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்களிடமிருந்து 1795இல் ஆங்கிலேயர். ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோகப்பட்ட சொரூபமே மடுமாதா என்பது மரபு. இன்று மடுவுக்கு ஆகஸ்ட் திருவிழாவில் தமிழரும் சிங்களவரும் வந்து கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்தும் வாசாப்பும் இந்தக் கரையில் இன்னமும் ஆடப்படுகின்றன. பேசாலையின் உடக்குப்பாஸ், தவக்காலத்தில் உருவங்களை வைத்து நடத்தும் திருப்பாடுகளின் காட்சி, எங்கள் நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டிய ஒன்று.

தெற்கே அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் போகாமல் மன்னார்ப் பயணம் முடியாது. முத்துச் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பின் தலைவாசல் அது. பங்குனியையொட்டி, வாடை தணிந்து சோளகம் எழுமுன் கடல் அடங்கிக் கிடக்கும் சில வாரங்கள்தான் குளிப்புக்கு ஏற்ற காலம். வள்ளங்கள் இரவில் தரைக்காற்றோடு புறப்பட்டு விடியுமுன் முத்துப்பார்களை அடைந்துவிடும். சுழியோடி கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். சுழியோடி ஒரு நிமிடத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளிக் கயிற்றை அசைக்க வேண்டும். கூடை முதலில் ஏறும், ஆள் பின்னால் ஏறுவார். நண்பகல் கடற்காற்றில் வள்ளங்கள் திரும்பும். சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி அரசுக்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலத்தில் போகும். வாங்கியவர் உள்ளே முத்து இருக்கிறதா என்று தெரியாமலே வாங்குவார். சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, ஈயும் புழுவும் சதையைத் தின்ற பிறகு, எச்சத்தைக் கழுவி அலசினால்தான் முத்துத் தெரியும். கீழக்கரை, யாழ்ப்பாணம், அரபுக் கரை எனப் பல இடத்துச் சுழியோடிகள் இங்கே கூடினார்கள். சுற்றிலும் மணலில் ஒரு தற்காலிகப் பட்டினமே முளைத்து, சில வாரங்களில் மறைந்துவிடும்.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன, ஏறத்தாழ 5,000 சுழியோடிகள் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் இளம் சிவில் சேவை அதிகாரியாக வேலை பார்த்தவர் லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் வெர்ஜீனியா வூல்ஃபின் கணவரானவர். அதே ஆண்டு முத்துப்பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டு குத்தகைக்கு விடப்பட்டன. கம்பனிக்கு 1907க்குப் பிறகு சலாபமே வாய்க்கவில்லை. கடைசியாக 1925இல் அரசு ஒரு சலாபம் நடத்தியது. அதோடு சரி. பேராசைக்கும் சிப்பி வளத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் இடையில் ஒரு தொழிலே மறைந்து போனது.

மிச்சமிருப்பது அரிப்பு மணற்குன்றில் நிற்கும் செங்கல் இடிபாடு. பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் தனக்காகக் கட்டிய மாளிகை, டொரிக். கிரேக்கக் கோயில்களைப் பார்த்து வரைந்த தூண்கள். ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். ஆளுநரின் பெயரை மறந்து கதைகளில் வரும் அரசி அல்லிக்கு அந்தக் கட்டடத்தை எழுதிக்கொடுத்த மக்களின் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. சுவர்களின் ஒரு பகுதி கீழே கரையில் பாளம் பாளமாகக் கிடக்கிறது. தள்ளிப்போட்டால் பார்ப்பதற்கு அது இருக்காது.

அரிப்பில் ஒல்லாந்தரின் சிறு கோட்டை ஒன்றும் உண்டு. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், மல்வத்து ஓயாவின் வழியே காடு கடந்து தப்பி, 1679 ஒக்டோபர் 18ஆம் திகதி வந்துசேர்ந்த இடம் இதுதான். அந்த ஆற்றை இங்கே அருவியாறு என்கிறோம். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல் கண்டிச் சிங்களக் கிராம வாழ்வைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றில் இன்றும் படிக்கப்படுவது.

இந்தத் தென்கரை, முசலிப் பிரதேசம், பெரும்பாலும் முஸ்லிம் ஊர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டோர். மன்னாரைச் சேர்ந்தவர்களில் ஏராளமானோர் புத்தளத்தில் முகாம்களிலும் குடிசைகளிலும் ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். எருக்கலம்பிட்டியிலோ சிலாவத்துறையிலோ தேநீர்க்கடையில் உட்கார்ந்தால், அங்கே பேசப்படும் தமிழ் எங்களுடையதுதான் என்பதும், அந்த மண்ணிலிருந்து அவர்கள் எங்கள் பெயரால் துரத்தப்பட்டார்கள் என்பதும் ஒன்றாகவே மனதில் படும். இதைப் புத்தகத்தில் படிப்பதும் அந்த ஊரில் நின்று உணர்வதும் ஒன்றல்ல. கொழும்புத் தமிழர் அங்கே போக வேண்டிய காரணங்களில் இதையே நான் முதலில் வைப்பேன்.

தலைமன்னாருக்கு வருவோம். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறி, கடல் கடந்து, மறுகரையில் மறுபடி ரயில் ஏறிச் சென்னை எழும்பூருக்குப் போகலாம். போட் மெயில் என்று அதைப் பெரியவர்கள் இன்றும் ஒருவித ஏக்கத்தோடு சொல்வார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் நின்றது.

எங்களுக்குப் போட் மெயில் சினிமாவும் சேலையும் வாங்கிவந்த வழி. மலையகத் தமிழருக்கோ இந்தக் கரை வேறு பொருள் கொண்டது. ரயில் வருமுன், 19ஆம் நூற்றாண்டில், தோணிகளில் வந்து மன்னாரிலும் அரிப்பிலும் இறங்கியவர்கள் மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறை கிடையாது. 1964இல் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக்கு உழைத்தவர்கள் இதே தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் ஏறினார்கள். 1990இல் போர் பிடுங்கிப்போட்ட தண்டவாளம் திரும்பப் போடப்பட்டு 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் வரை ரயில் வந்தது. கப்பல் மட்டும் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது.

இறங்குதுறைக்கு அப்பால் கடலில் தீடைகள் தொடங்குகின்றன. இராமர் பாலம் என்று இந்தியாவில் அரசியலாகிவிட்ட மணல்திட்டுகளை இங்கத்தைய மீனவர் முதலாம் தீடை, இரண்டாம் தீடை என்று எண்ணியே சொல்வார்கள். போர்க்காலத்தில் அகதிகளைப் படகோட்டிகள் இந்தத் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிய கதைகள் உண்டு. குழந்தைகளோடு வெறும் மணலில், தண்ணீரின்றி, இந்தியக் கடற்படை வரும்வரை காத்திருந்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் தாங்கிய நிலம் ஒரு மெல்லிய மணற்பரப்பு. பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், உயரமோ அதில் பாதிகூட இல்லை. ஆபிரிக்க மரம். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது வழிவழிச் செய்தி. அதன் பட்டை யானைத்தோல் போலச் சுருங்கி மடிந்திருக்கும். வங்காலை உப்புச் சதுப்பில் கார்த்திகை முதல் பங்குனி வரை பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளுக்கு இது தெற்கே கடைசித் தங்கல்களில் ஒன்று. 2010இல் வங்காலைக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. தீவின் தெற்குக் கரையிலோ 2020 முதல் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. இன்னும் காற்றாலைகள் வேண்டாம், கனிய மணலுக்காகத் தீவைத் தோண்ட வேண்டாம் என்று 2025இல் மன்னார் மக்கள் நாட்கணக்கில் வீதியில் இருந்தார்கள். குருமாரும் மீனவரும் வணிகரும் சேர்ந்தே நின்றார்கள். இந்தத் திட்டங்களால் மழைநீர் வடிய வழியில்லாமல் வீட்டுக்குள் வருகிறது என்று அவர்கள் சொல்வது கொழும்பில் சரியாகக் கேட்கவில்லை. நாங்கள் அங்கே போய்ப் பழகியிருந்தால் கேட்டிருக்கும்.

மன்னார் நகரில் ச.தொ.ச. கட்டட வளவில் 2018இல் தோண்டத் தொடங்கியபோது 300க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் பரிசோதித்த ஆறு மாதிரிகள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்தைக் காட்டின. காணாமற்போனோரின் உறவினர் அதை ஏற்கவில்லை. புதைக்கப்பட்டிருந்தவர்கள் யார், எப்படி இறந்தார்கள் என்பது இன்னும் தீரவில்லை. அந்த மூலையைக் கடந்துதான் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். இரண்டு இரவு தங்கினால் அவசரப்படாமல் பார்க்கலாம். முதல் நாள் மாந்தையும் திருக்கேதீச்சரமும், மாலையில் கோட்டையும் பள்ளிமுனையும். அடுத்த நாள் விடியற்காலையில் வங்காலை, வெயில் ஏறுமுன் அரிப்பு. தலைமன்னாருக்கும் பேசாலைக்கும் மூன்றாம் நாள். பேசாலையில் கருவாடு வாங்கலாம், நண்டு வாங்கினால் அன்றே சமைக்க வேண்டும். பறவைகளுக்காகப் போவதென்றால் தை, மாசி. சோளகம் வீசும் ஆனி, ஆடியில் மணல் கண்ணுக்குள் வரும், கடலும் கலங்கலாக இருக்கும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் போகிறவர்கள் தங்குமிடத்தை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்த வாரம் மடுவுக்கு வரும் கூட்டத்தில் மன்னார் நகர் வரை அறைகள் நிரம்பிவிடும்.